நின்றுபோன பொங்கல்

மாரமங்கலம்
22.12.2025

அன்புள்ள காவேரி அக்காவுக்கு,

வெண்ணிலா எழுதுகிறேன். உங்கள் கொழுந்தன் தனபாலின் மனைவி என்று சேர்த்து எழுதினால்தான் நினைவு வருமோ என்று ஒரு சந்தேகம். ஒரே வீட்டில் மூத்த மருமகளாக நீங்களும் இளையவளாக நானும் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுக்காரர் முருகன் மாமா இறந்து, நீங்கள் நாகலூருக்குப் போய் இத்தனை காலத்தில் ஒரு வார்த்தை விசாரிக்காதவள் இப்போது எந்த முகத்தோடு எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

எனக்கு நிறைமாதம். ஸ்கேனில் ஜனவரி ஐந்து என்று தேதி போட்டிருக்கிறார்கள். அத்தை என்னை வாசற்படி தாண்ட விடுவதில்லை. நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைக்கிறார். சாயங்காலமானால் என் காலை மடியில் தூக்கி வைத்து விளக்கெண்ணெய் தேய்க்கிறார். நான் கூச்சப்பட்டு இழுத்தால், "சும்மா இரு கண்ணு, உனக்கா தேய்க்கறேன், உள்ள இருக்கற சாமிக்குத் தேய்க்கறேன்" என்கிறார். இதற்கெல்லாம் ஒருத்தி பயப்படுவாளா என்று உங்களுக்குத் தோன்றும்.

முந்தாநாள் பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வரிசையாக வந்து என் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரு பெரியம்மா குனிந்து வயிற்றோடு பேசினார். "சாமி, அவசரப்படாத. தை ஒண்ணு வரைக்கும் உள்ளயே இரு. நீ வந்துதான் எங்க பானைய அடுப்புல ஏத்தோணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகுதான் தேதியை எண்ணிப் பார்த்தேன்.

ஐந்தாம் தேதிக்கும் பொங்கலுக்கும் பத்து நாள் இடைவெளி இருக்கிறதே அக்கா. வலி முன்னாடியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று அத்தையிடம் கேட்டேன். "வராது கண்ணு. வர உடமாட்டோம்" என்றார். அதை அவர் எவ்வளவு பிரியமாகச் சொன்னார் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

தாய்வீட்டுக்குப் போகலாம் என்றால் அம்மா இல்லை. அப்பா திருப்பூரில் வாட்ச்மேன் வேலையில் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறார். என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நான் அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகவில்லை. பொங்கல் கழித்து வேறு வாங்கித் தருவாராம் உங்கள் கொழுந்தன். சத்துமாவு கொடுக்க வரும் அங்கன்வாடி கௌரியிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். அவள் நாகலூர் பஸ்ஸில் சேர்த்துவிடுவாள். பதில் எழுத மனம் வந்தால் அவள் பேருக்கே அனுப்புங்கள்.

இந்த வீட்டைப் பற்றி நான் பயப்படுவது சரியா, இல்லை நிறைமாதக்காரியின் கிறுக்கா என்று எனக்குச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

வெண்ணிலா


நாகலூர், எஸ்டேட் லைன்
26.12.2025

வெண்ணிலாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வரவில்லை. நீ நலமாக இல்லாததால்தான் எழுதியிருக்கிறாய். நான் நலமா என்று நீ கேட்கவும் இல்லை. கணக்கு நேராகிவிட்டது.

என்னை அந்த வீட்டிலிருந்து அனுப்பிய அன்றைக்கு நீ அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் போதும். அதை எழுதாமல் மேலே எழுதினால் பேனா நகராது, அதனால் எழுதிவிட்டேன். இனி உன் விஷயம்.

கிறுக்கு இல்லை. பயப்படு.

அந்த வீட்டுச் சட்டம் எனக்கு மனப்பாடம். பண்டிகை நாளில் சாவு விழுந்தால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் அந்தப் பண்டிகை நின்றுபோகும். பானை வைக்கக் கூடாது, கோலம் போடக் கூடாது, பக்கத்து வீட்டார் கொடுத்தால் வாங்கித் தின்னலாம். மறுபடி எடுக்க வேண்டும் என்றால் அதே பண்டிகை நாளில் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறக்க வேண்டும், இல்லை கட்டுத்தறியில் ஒரு பசு கன்று போட வேண்டும். எங்கள் லைனிலும் இந்த வழக்கம் உள்ள வீடுகள் இருக்கின்றன. ஆனால் அவர்கள் கடவுள் கொடுக்கும்போது கொடுக்கட்டும் என்று காத்திருப்பார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு யாரும் தேதி குறிப்பதில்லை.

போன வருசம் உங்கள் வீட்டுப் பசு, மாட்டுப் பொங்கலன்று கன்று போட்டதாமே. ஒரு நாள் பிந்திவிட்டது, செல்லாது என்று பெரியவர்கள் சொல்லிவிட, உன் மாமியார் கன்றைக் கட்டிக்கொண்டு அழுதாராம். கேள்விப்பட்டு நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. பசுவிடம் அவர்கள் பேச்சு பலிக்கவில்லை. நீ பேச்சுக் கேட்கிற பெண்.

அந்தப் பொங்கலை நிறுத்தியது நான்தான் என்று அவர்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். அங்கே பொங்கலுக்குக் கரும்பு கட்டும் வழக்கமில்லை. எங்கள் அப்பா வீட்டில் உண்டு. ஒரே ஒரு ஜோடிக் கரும்பு வாசலில் நிற்கட்டும் என்று நான்தான் கேட்டேன். உன் முருகன் மாமா பொங்கல் காலையில் பனிக்குள் பைக்கை எடுத்துக்கொண்டு ஏற்காடு கடைத்தெருவுக்குப் போனார். திரும்பும்போது வளைவில் விழுந்தார். அவரையும் கரும்பையும் ஒரே ஜீப்பில்தான் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உன் மாமியார் கரும்பைத்தான் முதலில் பார்த்தார்.

அதனால் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு மகன் போன துக்கமும் பண்டிகை போன துக்கமும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. நீ நல்லபடியாகப் பேசிப் பிரித்துவிடலாம் என்று நினைக்காதே. மூன்றாம் தேதி ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிடு. ஸ்கேன் சீட்டை உன் கையில் வைத்துக்கொள்.

காவேரி


மாரமங்கலம்
31.12.2025

அக்கா,

வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தேன். மறுக்கவில்லை.

ஆனால் அத்தையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்சம் கோபம் வந்தது. நேற்று எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் வேலையெல்லாம் விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாமை வறுத்து ஒத்தடம் கொடுத்தார். என்னைப் பெற்றவள் இருந்தால்கூட இவ்வளவு செய்வாளா என்று தெரியவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். எனக்கும் ஆசை இருக்கிறது. பக்கத்துப் பங்காளி வீட்டுக் குட்டிக்கு ஆறு வயசாகிறது. "சித்தி, பானை பொங்கறது எப்புடி இருக்கும்?" என்று என்னைக் கேட்கிறாள். இந்த மலையில் எல்லா ஊரிலும் பொங்குகிறது, இவள் வீட்டில் மட்டும் அன்றைக்கு அடுப்பு பூனை படுக்கிற இடம். என் பிள்ளையால் அது மாறினால் எனக்குப் பெருமைதானே. எல்லோரும் என்னை மகாலட்சுமி என்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மூன்றாம் தேதி ஆஸ்பத்திரி போகலாமா என்று உங்கள் கொழுந்தனைக் கேட்டேன். "பனி நொம்ப விழுகுது, ஜீப்பு குலுக்கும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அடுப்படியில் சீரகமும் ஓமமும் காணோம். வலி கிளப்பிவிடுமாம், கூரையில் எங்கோ செருகி வைத்திருக்கிறார் அத்தை. ஸ்கேன் சீட்டையும் பத்திரமாக எடுத்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். எங்கே என்று சொல்லவில்லை.

நேற்று காலை கிராம நர்ஸம்மா தேடி வந்தார். நான் உள்ளறையில் இருந்தேன். "அவ திருப்பூர்ல அப்பன் ஊட்டுக்குப் போயிட்டாளுங்க, பெரசவம் அங்கதானுங்க" என்று அத்தை சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. எழுந்து வந்து நின்றிருக்கலாம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். வாயே திறக்கவில்லை அக்கா. நர்ஸம்மா போன பிறகு அத்தை உள்ளே வந்து என் தலையைத் தடவி, "என்னையப் பொய்யி பேச வெச்சுட்டயே சாமி" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெண்ணிலா


நாகலூர்
4.1.2026

வெண்ணிலா,

நேற்று நான் அங்கே வந்தேன். உனக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள்.

காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் லீவு கேட்டால் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் கடித்துக் குதறுவார். கேட்டுவிட்டு வந்தேன். உன் மாமியார் வாசலில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, ஆரு வேணும்?" என்றார். அந்த வீட்டில் விளக்கேற்றிச் சோறு பொங்கிய என்னைப் பார்த்து, யாரோ தெரியாத பொம்பளையைக் கேட்கிற மாதிரி, மரியாதையாக. திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். மரியாதைக்கு நான் தயாராக இல்லை. "வெண்ணிலாவைப் பாக்கோணும்" என்றேன். "அப்புடி ஆரும் இங்க இல்லீங்களே" என்றார்.

நீ உள்ளே இருந்தாயா? என் குரல் கேட்டதா?

திரும்பும்போது மாட்டுக்கொட்டகைப் பக்கம் சாக்கு போட்டு எதையோ மூடியிருந்தது. காற்றில் சாக்கு விலகியது. புதுப் பானைகள். பங்காளி வீடு ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கும். கழுத்தில் மஞ்சள் கொத்து கட்ட நூல்கூடச் சுற்றி வைத்தாயிற்று. ஆசைப்படுகிறவர்கள் வேண்டிக்கொள்வார்கள். பானை வாங்கி அடுக்கிவிட்டவர்கள் வேண்டிக்கொள்வதில்லை, முடிவு செய்துவிட்டார்கள்.

நாளைக்கு உன் தேதி. நாளைக்கே நூற்றியெட்டுக்குப் போன் செய்து வண்டி அனுப்பச் சொல்கிறேன். வந்தால் ஏறிவிடு. யார் கையைப் பிடித்தாலும் உதறிவிட்டு ஏறு.

காவேரி


மாரமங்கலம்
7.1.2026

அக்கா,

எதற்கு வண்டி அனுப்பினீர்கள்? ஊரே வாசலில் கூடிவிட்டது. அத்தை ஒரு வார்த்தை தடுக்கவில்லை. என் கையைப் பிடித்து அவரே வெளியே கூட்டி வந்தார். வண்டிக்காரர், "வலி இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டார். சுற்றி நின்ற எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தக் குட்டியும் பார்த்தாள்.

"இல்லீங்க. இன்னும் நாள் இருக்குதுங்க" என்றேன்.

யாரும் என்னை அடித்துச் சொல்ல வைக்கவில்லை. நானாகச் சொன்னேன். வண்டி திரும்பிப் போகிற சத்தம் கேட்கும்போதே தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே வலி வந்தது. அத்தை ஓடி வந்து என் காலுக்குக் கீழே தலையணை அடுக்கி உயரமாகத் தூக்கி வைத்தார். குளிர்ந்த கூழைக் குடிக்க வைத்தார். வயிற்றைக் கட்டிக்கொண்டு, "பொறு சாமி, பொறு சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று கத்தியதாக நினைப்பு. இருட்டுவதற்குள் வலி நின்றுவிட்டது. வாசலில் பெண்கள் குலவை போட்டார்கள். பிள்ளை பிறக்காததற்குக் குலவை போட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

இப்போது வயிறு இறுகிக் கிடக்கிறது. பிள்ளை முன்னைப்போல் உதைப்பதில்லை. எப்போதோ ஒரு தடவை மெல்லப் புரள்கிறது. அத்தையிடம் சொன்னால், "சொன்ன பேச்சக் கேட்டு அமைதியா இருக்குது பாரு, எந்தங்கம்" என்கிறார்.

உங்கள் கொழுந்தன் முருகன் மாமாவின் சட்டை ஒன்றைத் தேய்த்து மடித்துப் பெட்டிமேல் வைத்திருக்கிறார். பொங்கலன்று அண்ணன்தான் திரும்பி வரப்போகிறான் என்று முழுசாக நம்புகிறார். பொண்ணாக இருந்தால் என்று கேட்டேன். நான் பேசியதே காதில் விழாத மாதிரி வெளியே போய்விட்டார். நல்ல மனிதர் அக்கா. அதனால்தான் எனக்கு அவரிடம் கத்தக்கூட வரவில்லை.

நீங்கள் வந்த அன்றைக்கு உங்கள் குரல் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

வெண்ணிலா


நாகலூர்
9.1.2026

வெண்ணிலா,

திட்ட நேரமில்லை. கவனமாகப் படி.

வயிற்றில் அமைதியாக இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளை இல்லை. சாப்பிட்ட பிறகு இடது பக்கம் சாய்ந்து படு. வயிற்றில் கை வைத்துப் பார். உதைத்தால் ஒரு நாள் பிழைத்தோம் என்று வைத்துக்கொள். உதைக்கவில்லை என்றால் அடுத்த வேளை வரை காத்திருக்காதே. எங்கள் எஸ்டேட் நர்ஸிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், என் சொந்தச் சரக்கு இல்லை.

மறுபடி வண்டி அனுப்ப மாட்டேன். நீ மறுபடி "நாள் இருக்குதுங்க" என்பாய். ஜீப் மரியஅந்தோணி அண்ணனிடம் பேசியிருக்கிறேன். அவர்தான் அன்றைக்கு முருகனை ஏற்றிக்கொண்டு வந்தவர். விஷயத்தைச் சொன்னதும், "அந்த ஊட்டுக்கு இன்னொரு பொணம் நான் ஏத்த மாட்டேன் காவேரி, உசுரோட ஏத்தறதுன்னா சொல்லு" என்றார். நாளையிலிருந்து தினமும் காலையில், பால் வண்டி போன பிறகு, உங்கள் ஊருக்குக் கீழே மிளகுக் களம் இருக்கிற வளைவில் நிற்பார். நானும் உள்ளே இருப்பேன். வேலை போனால் போகட்டும்.

ஜீப் வாசலுக்கு வராது. வந்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் நீ கரைந்துபோவாய். கௌரியிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு நீ நடந்து வர வேண்டும்.

மகாலட்சுமி என்று கூப்பிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அங்கே போன புதிதில் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

காவேரி


மாரமங்கலம்
12.1.2026

அக்கா,

நேற்று ராத்திரி படுத்ததிலிருந்து அசைவே இல்லை. இடது பக்கம் படுத்துப் பார்த்தேன், சர்க்கரை தின்று பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது. அத்தை கோவிலுக்குப் போயிருக்கிறார். நான் வருகிறேன். போய்விடாதீர்கள்.


நாகலூர்
14.1.2026

வெண்ணிலா,

இதை சேலம் ஆஸ்பத்திரிக்குச் சாமான் கொண்டுவரும் மரியஅந்தோணி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நானே வந்து சொல்லலாம். உன் மாமியார் உன் கட்டிலை விட்டு நகர்வதில்லை, அவர் முன்னால் இதையெல்லாம் பேச முடியாது. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

செருப்புக்கூட இல்லாமல் நீ அந்தச் சரிவில் இறங்கி வந்தது உனக்கு நினைவிருக்கும். ஏற்காட்டில் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, துடிப்பு குறைகிறது, உடனே சேலம் போங்கள் என்றார்கள். வளைவுக்கு வளைவு நீ என் கையைப் பிடித்து நசுக்கினாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது, உன்னை உள்ளே கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள்.

பிள்ளையை எடுக்கும்போது கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். உள்ளேயே மலம் போய், அதைக் கொஞ்சம் குடித்தும் இருந்ததாம். உடம்பெல்லாம் நீலம். அழவில்லை. கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அழுகைச் சத்தம் கேட்கவேண்டிய நேரத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. நான் காதைப் பொத்திக்கொண்டேன். கேட்காமலிருப்பது என் கையால்தான் என்று நினைத்துக்கொள்ளலாம் பார். ஒரு நர்ஸ் வந்து என் கையை விலக்கினாள். உள்ளே பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பொண்ணு.

தனபால் பைக்கில் வந்து சேர்ந்தான். பிள்ளையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவனைப் பற்றி நீ எழுதியது சரிதான். நல்லவன்தான். ஒன்றுக்கும் உதவாத நல்லவன்.

உன் மாமியார் பஸ் பிடித்து மத்தியானம் வந்தார். நேராக டாக்டரம்மாவிடம் போனார். கையெடுத்துக் கும்பிட்டார். "ஏனுங்க டாக்டரம்மா, மூணே மூணு நாளுதானுங்க. மறுபடி உள்ள வெச்சுத் தெச்சுப்போட்டு பொங்க அன்னைக்கு எடுக்க முடியாதுங்களா?" என்று கேட்டார். நான் பொய் எழுதவில்லை. அந்த டாக்டரம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பிறகு டாக்டரம்மா அவரை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் இரண்டு உயிரும் இல்லை. அடுத்த பிள்ளைக்கு மூன்று வருசமாவது இடைவெளி வேண்டும், முன்னாடியே கரு நின்றால் வயிற்றுத் தையல் உள்ளே பிரிந்து உன் உயிருக்கே ஆபத்து. உன் மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அப்புறம் என்னிடம் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "இன்னொருக்காவும் நீதானே?" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் என் பயம் போயிருக்கும்.

இன்றைக்குப் போகி. லைனில் பழைய பாய்களைக் கொளுத்துகிறார்கள். நாளைக்கு எனக்கும் பண்டிகை கிடையாது, உங்களுக்கும் கிடையாது. உன் பொண்ணு மூச்சு விடுகிறாள், எனக்கு அது போதும். தையல் ஆறும் வரை என் வீட்டுக்கு வா. ஒரு அறைதான், கதவு தாழ் போடலாம்.

காவேரி


மாரமங்கலம்
20.3.2026

அக்கா,

நீங்கள் கூப்பிட்டும் வராமல் இங்கேயே வந்துவிட்டேன். உங்கள் கொழுந்தன் ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறந்த பிள்ளை அப்பன் வீட்டுக்கு வராமல் போனால் ஊர் என்ன பேசும் என்றார். நீங்கள் கோபத்தில் பதில் போடமாட்டீர்கள் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

வந்தபோது பயந்துகொண்டே வந்தேன். பிள்ளையை வெறுப்பார்கள், நாள் தப்பிப் பிறந்தவள் என்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. பங்காளி வீட்டுப் பெண்கள் வந்து, வசம்பு வளையல் போட்டு, பாப்பாவைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். அத்தைதான் தினமும் குளிப்பாட்டுகிறார். காலை நீட்டி அதில் அவளைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கைப் பிடித்துவிட்டு, சாம்பிராணி போட்டு என் மடியில் தருவார். இவளும் அவர் குரலைக் கேட்டால்தான் சிரிக்கிறாள். நாம்தான் அந்த அம்மாவைத் தப்பாக நினைத்துவிட்டோமோ, மகனைப் பறிகொடுத்தவளின் கிறுக்கு, கடந்துபோய்விட்டது என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

சாக்கு போட்டு மூடிய பானைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா என்று ஒருநாள் கேட்டேன். "எதுக்குக் கண்ணு குடுக்கோணும்? மண்ணுப் பானை, கெட்டா போயிரும்?" என்றார்.

முந்தாநாள் பாப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினார். விளையாட்டு காட்டுகிறார் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டை விரலைப் பிடித்து, "சித்திரை" என்றார். அடுத்த விரலுக்கு வைகாசி. ஆனி. ஆடி. சுண்டு விரலுக்கு ஆவணி. அந்தக் காலை விட்டுவிட்டு மற்றக் காலை எடுத்தார். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. பாப்பா கூசிக்கூசிச் சிரித்தாள். பத்தாவது விரலைப் பிடித்துக் குனிந்து முத்தம் கொடுத்தார். "தை" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "சித்திரையில நின்னா கரெட்டா இருக்குது கண்ணு. போன தடவை நாம கணக்குப் பாக்காம உட்டுப்போட்டோம்" என்றார்.

டாக்டரம்மா மூன்று வருசம் சொன்னாரே அத்தை என்றேன். "அவுங்க அப்புடித்தான் சொல்லுவாங்க சாமி. அவுங்களுக்குப் பண்டிகையா போச்சு?" என்று சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் என் பாயை அவர் அறையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் உங்கள் கொழுந்தன் அறையில் அவரே விரித்துப் போட்டார். தலையணை உறை புதுசு. பாப்பா இனிமேல் தன்னோடு படுத்துக்கொள்வாள் என்றார்.

உங்கள் கொழுந்தனிடம் சொன்னேன் அக்கா. தையல் பிரிந்தால் நான் செத்துப்போவேன் என்று அப்படியே சொன்னேன். தலையணை உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே கேட்டார். கடைசியில், "அம்மா மனசு நோவாமப் பாத்துக்க வெண்ணிலா, அது எத்தன நாளைக்கு இருக்கப்போவுது?" என்றார்.

பங்காளி வீடுகளுக்கு விஷயம் போய்விட்டது. இன்றைக்குக் காலையில் அந்தப் பெரியம்மா வந்தார். என் வயிற்றில் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே இன்னும் ஒன்றுமே இல்லை அக்கா.

சித்திரை பிறப்பதற்குள் என்னையும் பாப்பாவையும் இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

வெண்ணிலா